அன்று நபியவர்கள் நின்றது யாருக்காக? குடும்பத்தோடு பொழுதுபோக்கு: ஒரு ஜும்ஆ சிந்தனை

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக.

  

பொங்கல் விடுமுறை நெருங்குகிறது. பள்ளிக்கூடங்கள் மூடப்படும். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி, தீவுத்திடலில் சுற்றுலாப் பொருட்காட்சி, பூங்காக்களிலும் கடற்கரையிலும் 'சென்னை சங்கமம்' என்று ஊரே வெளியே வந்து நிற்கும் நாட்கள் இவை. "வாப்பா, எங்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். போகலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை இன்று சிந்திப்போம்.

மஸ்ஜிதுந் நபவியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை வைத்து இதைப் பார்க்கலாம். பள்ளிவாசல் ஒன்றுதான். இரண்டிலும் நபி (ஸல்) அவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் இடையே வானத்துக்கும் பூமிக்குமான வித்தியாசம்.

நிற்க விட்டுப் போனவர்கள்

முதலாவது, ஒரு ஜும்ஆ நாளில் நடந்தது. மதீனாவில் விலைவாசி ஏறி, மக்கள் தட்டுப்பாட்டில் இருந்த காலம். நபி (ஸல்) அவர்கள் நின்று குத்பா ஓதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து உணவுப் பொருட்களோடு ஒரு வணிகக் கூட்டம் ஊருக்குள் வருகிறது. அந்தக் காலத்தில் வணிகக் கூட்டம் வந்தால் மேளம் கொட்டி வரவேற்பார்கள் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். சத்தம் கேட்டதும் பள்ளிவாசலில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். பன்னிரண்டு பேர்தான் மிஞ்சினார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. ஜும்ஆ அத்தியாயத்தின் கடைசி வசனம் இதையொட்டித்தான் இறங்கியது. வியாபாரத்தையோ வேடிக்கையையோ கண்டதும் உங்களை நின்ற நிலையில் விட்டுவிட்டு அதன் பக்கம் சென்றுவிடுகிறார்களே என்று அல்லாஹ் தன் நபியிடம் சொல்லிக் கண்டித்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வேடிக்கையோடு சேர்த்து வியாபாரத்தையும் அந்த வசனம் சொல்கிறது. வியாபாரம் ஹராமா? இல்லை. அதற்கு முந்தைய வசனத்தில்தான், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடும்படி சொல்லப்படுகிறது. அப்படியானால் குற்றம் எது? நபியை நிற்க விட்டுப் போனது. கடமை நிற்கும்போது அதை விட்டுவிட்டு ஓடியது. நாம் எதை நோக்கிப் போகிறோம் என்பதைப் போலவே, எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்பதும் கேட்கப்படும்.

நின்று காட்டியவர்கள்

இரண்டாவது, ஒரு பெருநாளில் நடந்தது. அபிசீனியாவைச் சேர்ந்த சிலர் பள்ளிவாசலில் ஈட்டிகளையும் கேடயங்களையும் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இன்றைய சொல்லில் சொன்னால், மக்கள் முன்னிலையில் நடந்த ஒரு வீர விளையாட்டு. பார்க்க விருப்பமா என்று நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். ஆம் என்றார்கள் அன்னை. உடனே தம் மேலாடையால் அன்னையை மறைத்துக்கொண்டு, தாம் முன்னால் நின்று, அன்னை தம் தோளுக்கு மேலாகப் பார்க்கும்படி செய்தார்கள். எவ்வளவு நேரம்? அன்னைக்குப் போதும் என்று தோன்றும்வரை. பிற்காலத்தில் அன்னை அவர்களே இதை நினைவுகூர்ந்து, விளையாட்டில் ஆசையுள்ள இளம் வயதுப் பெண் எவ்வளவு நேரம் நிற்பாள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் சொன்னார்கள்.

சகோதரர்களே! யார் அங்கே நின்றது? அகில உலகத்துக்கும் அருட்கொடையாக வந்த தூதர். வஹீ இறங்கும் பொறுப்பு, ஒரு நகரத்தின் நிர்வாகம், எதிரிகளின் அச்சுறுத்தல், ஏழைகளின் பசி எல்லாம் அந்தத் தோள்மீதுதான் இருந்தன. அதே தோளில் மனைவியின் முகம் சாய்ந்திருக்க, அவர் அலுக்கும்வரை கால் மாற்றி நிற்கிறார்கள். "போதும், வா, வேலை இருக்கிறது" என்று அவசரப்படுத்தவில்லை. முடிக்கும் உரிமையை அன்னையின் கையில் கொடுத்தார்கள்.

கடமையை நிற்க விட்டுவிட்டு வேடிக்கைக்கு ஓடினவர்களை அல்லாஹ் கண்டித்தான். குடும்பத்தின் சந்தோஷத்துக்காக வேடிக்கையின் முன் நின்றவர்களை நமக்கு முன்மாதிரியாக ஆக்கினான். இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குத்தான் மார்க்கம் முழுமையாகப் புரியும். முதலாவதை மட்டும் படித்தவர் வீட்டைச் சிறையாக்குவார். இரண்டாவதை மட்டும் படித்தவர் தொழுகையைத் தொலைப்பார்.

ஒரு சகோதரியின் கேள்வி

நம் கிண்டிப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி தன் தாயார் மூலம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். சுருக்கம் இதுதான்: "என் கணவர் வாரம் தவறாமல் நண்பர்களோடு கிரிக்கெட் விளையாடப் போகிறார். டீக்கடையில் இரவு பதினொரு மணிவரை இருக்கிறார். நானும் பிள்ளைகளும் பூங்காவுக்கோ பொருட்காட்சிக்கோ போகலாம் என்றால், 'அங்கே ஃபித்னா, போகக் கூடாது' என்கிறார். ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் தவிர நான் வெளியே போய் ஒரு வருடம் ஆகிறது. எங்களுக்கு ஆகாதது அவருக்கு மட்டும் எப்படி ஆகும்?"

இந்தக் கேள்விக்கு ஃபத்வா எழுத ஒரு வரி போதும். ஆனால் இதற்குப் பின்னால் இருப்பது சட்டப் பிரச்சினை அல்ல, நேர்மைப் பிரச்சினை. நம்மில் பலர் "ஹராம்" என்று சொல்வது உண்மையில் ஹராம் என்பதால் அல்ல. அலுப்பாக இருக்கிறது. பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கச் சோம்பலாக இருக்கிறது. செலவாகும் என்று கணக்கு ஓடுகிறது. அதை அப்படியே சொல்ல வெட்கம். எனவே மார்க்கத்தை எடுத்து முன்னால் நிறுத்திவிடுகிறோம். இது சாதாரண விஷயமல்ல. அல்லாஹ் ஆகுமாக்கியதை நம் வசதிக்காக ஆகாது என்று சொல்வது, அவன் பெயரில் பொய் சொல்வதற்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

"இன்றைக்கு எனக்கு உடம்பு முடியவில்லை, அடுத்த ஞாயிறு போகலாம்" என்று சொல்லுங்கள். "இந்த மாதம் கையில் காசு இல்லை, கிண்டி சிறுவர் பூங்கா போதும்" என்று சொல்லுங்கள். மனைவியும் பிள்ளைகளும் புரிந்துகொள்வார்கள். ஆனால் மார்க்கத்தைக் காரணம் காட்டினால், அந்தப் பிள்ளையின் மனதில் ஒரு கணக்கு பதிந்துவிடும்: மார்க்கம் என்றால் 'கூடாது', சந்தோஷம் என்றால் மார்க்கத்துக்கு வெளியே. பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை பள்ளிவாசல் வாசலை மிதிக்காதபோது நாம் கைப்பேசியைக் குறை சொல்வோம்.

ஸல்மான் ஃபாரிஸி (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குப் போனபோது, அவருடைய மனைவி அலங்காரம் ஏதுமின்றி இருப்பதைக் கண்டார்கள். கணவர் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. ஸல்மான் (ரலி) அவர்கள் அவரை உட்கார வைத்து, இறைவனுக்கு உரிமை இருப்பது போல உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை இருக்கிறது, அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடுங்கள் என்று அறிவுரை சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் ஸல்மான் சொன்னது உண்மை என்று உறுதிப்படுத்தினார்கள். இரவு முழுக்க வணங்கியவருக்கே இந்த அறிவுரை என்றால், இரவு முழுக்க டீக்கடையில் இருப்பவருக்கு என்ன அறிவுரை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தனக்குப் பிடிக்காவிட்டாலும்

இன்னொரு பெருநாள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இரண்டு சிறுமிகள் தஃப் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஹிஜ்ரத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு அவ்ஸ், கஸ்ரஜ் கூட்டத்தார் ஒருவரையொருவர் வெட்டி மாய்த்த புஆஸ் போரைப் பற்றிய பாடல்கள். நபி (ஸல்) அவர்கள் போர்வையைப் போர்த்தி, முகத்தை மறுபக்கம் திருப்பிப் படுத்திருந்தார்கள். உள்ளே வந்த அபூபக்ர் (ரலி) அவர்கள் மகளைக் கடிந்துகொண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் போர்வையை விலக்கி, அவர்களை விட்டுவிடுங்கள், ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நம்முடைய பெருநாள் என்ற கருத்தில் சொன்னார்கள்.

முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார்கள் என்றால், அவர்களுக்கு அந்தப் பாட்டில் ஈடுபாடு இல்லை. ஆனால் தமக்கு ஈடுபாடு இல்லை என்பதற்காகத் தடுக்கவில்லை. தான் ரசிக்காததைத் தன் வீட்டார் ரசிக்க இடம் கொடுப்பது ஒரு பெரிய குணம். உங்களுக்கு பட்டிமன்றம் பிடிக்கும், பிள்ளைக்குப் பொம்மலாட்டம் பிடிக்கும். உங்களுக்குக் கடற்கரையில் சும்மா உட்காரப் பிடிக்கும், மனைவிக்குக் கைவினைப் பொருள் கடைகளைச் சுற்றப் பிடிக்கும். எது நடக்க வேண்டும்? சில நாள் உங்கள் விருப்பம், சில நாள் அவர்கள் விருப்பம். எல்லா நாளும் உங்கள் விருப்பம் என்றால் அது குடும்பம் அல்ல, உத்தியோகம்.

அளவுகோல் எங்கே?

"அப்படியானால் எல்லாமே ஆகுமா?" என்று கேட்பீர்கள். இல்லை. அளவுகோல் உண்டு. அதை நம் கிண்டியிலேயே காட்டலாம்.

கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தை அறியாதவர் இங்கே இல்லை. 1777-ஆம் ஆண்டு முதல் பந்தயம் நடந்த இடம் என்று சொல்வார்கள். தமிழ்நாடு அரசு 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது என்று 1996-இல் தீர்ப்பு வந்தது. 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து அந்த 160 ஏக்கர் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. வழக்குகள் அதற்குப் பிறகும் தொடர்ந்தன.

குதிரை ஓட்டம் மார்க்கத்தில் தடையா? இல்லவே இல்லை. நபி (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைப் போட்டி நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஒரு தூரம், பயிற்சி பெறாதவற்றுக்குக் குறைந்த தூரம். இப்னு உமர் (ரலி) அவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். அதே குதிரை, அதே ஓட்டம். ஆனால் அதன் மேல் ஆயிரம் பேர் பணம் கட்டி, ஒருவர் கையிலிருப்பது இன்னொருவர் கைக்குப் போகும் என்று ஆனவுடன் அது குர்ஆன் தடுத்த மைஸிர், சூதாட்டம். குதிரைக்கு ஓடத் திறமை இருக்கலாம். பணம் கட்டியவன் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரியாதே! நீதிமன்றம் கேட்ட கேள்வி, இது திறமையா அதிர்ஷ்டமா என்பது. மார்க்கம் கேட்கும் கேள்வி, இது உன்னையும் உன் வீட்டையும் என்ன செய்கிறது என்பது.

எனவே ஒரு பொழுதுபோக்கு ஆகுமா என்று பார்க்கும்போது இந்த நான்கையும் கேளுங்கள். அதில் சூதோ, மதுவோ, ஆபாசமோ கலந்திருக்கிறதா? அது ஒரு ஃபர்ளைத் தவறவிடச் செய்கிறதா? நம் சக்திக்கு மீறிக் கடன் வாங்க வைக்கிறதா? யாரையாவது இழிவுபடுத்துகிறதா, துன்புறுத்துகிறதா? நான்குக்கும் இல்லை என்று பதில் வந்தால், உங்கள் குடும்பத்தைத் தடுத்து வைக்க உங்களிடம் மார்க்கக் காரணம் எதுவும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டை விட்டு வெளியே போகாதவர் பாவத்திலிருந்து தப்பிவிட்டார் என்று நினைக்காதீர்கள். பந்தய மைதானத்துக்குப் போக ஒருவன் வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது. இன்று சூதாட்டம் போர்வைக்குள் கைப்பேசியில் வருகிறது. இணைய விளையாட்டில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்கள் அழுத அழுகைதான் 2022-இல் தமிழ்நாடு சட்டமன்றம் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றக் காரணம். நான்கு பேர் நான்கு மூலையில் நான்கு திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டைவிட, நால்வரும் ஒரே பக்கம் பார்த்துச் சிரிக்கும் ஒரு பூங்கா எவ்வளவோ மேல்.

சென்னை சங்கமமும் இசைக் கேள்வியும்

2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் இடையில் சில ஆண்டுகள் நின்றுபோயிருந்தது. 2023 பொங்கல் முதல் கலை பண்பாட்டுத் துறை அதை 'நம்ம ஊரு திருவிழா' என்ற பெயரோடு மீண்டும் நடத்துகிறது. சிலம்பாட்டம், மல்லர் கம்பம், ஒயிலாட்டம், பொய்க்கால் குதிரை, தெருக்கூத்து, பறையாட்டம் எல்லாம் கட்டணமின்றிப் பார்க்கக் கிடைக்கின்றன. ஊர் உணவுக் கடைகளும் உண்டு. இதற்குப் போகலாமா என்று கேட்பவர்கள் அதிகம்.

இசைக் கருவிகள் விஷயத்தில் நான் ஓதிய கிதாபுகளின் நிலையை மறைக்காமல் சொல்கிறேன். நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள், தஃப் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற இசைக் கருவிகள் கூடாது என்கிறார்கள். இப்னு ஹஸ்ம் (ரஹ்) போன்றவர்கள் அந்தத் தடைக்கான ஆதாரங்கள் உறுதியானவை அல்ல என்றார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதற்கென்றே ஒரு பகுதி எழுதி, எதைக் கேட்பது, எந்த இடத்தில், எந்த நோக்கத்தில் என்று பிரித்துப் பேசினார்கள். நான் பெரும்பான்மை வழியைப் பேணுகிறேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஆனால் ஒரு திடலில் ஒரு மூலையில் மேளம் ஒலிக்கிறது என்பதற்காக, சிலம்பமும் மல்லர் கம்பமும் பொம்மலாட்டமும் கதை சொல்லலும் நடக்கும் முழுத் திடலையும் ஹராம் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளை எதன் முன் உட்கார வைப்பது என்று தேர்ந்தெடுப்பதுதானே தகப்பனின் வேலை? அந்த வேலையைச் செய்யச் சோம்பி வாசலையே அடைத்துவிடக் கூடாது.

பிற சமய வழிபாட்டுச் சடங்குகளில் பங்கெடுப்பது வேறு. அதில் நமக்குப் பங்கு இல்லை, அவர்களும் அதை நம்மிடம் எதிர்பார்ப்பதில்லை. ஊர் மக்கள் எல்லோரும் கூடும் ஒரு பொதுத் திடலில் அண்டை வீட்டாரோடு சேர்ந்து நிற்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, நம் பிள்ளைகளை ஊரிலிருந்தே பிரித்துவிடாதீர்கள். அந்தத் திடலில் நாம் இல்லாவிட்டால், நம்மைப் பற்றி அண்டை வீட்டாருக்குத் தெரிவது செய்தித் தொலைக்காட்சி சொல்வது மட்டும்தான்.

நம் சமுதாயத்துக்கும் இது புதிதல்ல. நாகூர் இ.எம். ஹனீபா (1925–2015) அவர்களின் கணீர்க் குரலை மேடைக்கு முன் உட்கார்ந்து கேட்டவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களில் இன்றும் இருப்பார்கள். கருவி பற்றிய கருத்து வேறுபாடு ஒரு பக்கம் இருக்கட்டும். குடும்பம் குடும்பமாகக் கூடி ஒரு நல்ல வார்த்தையைக் கேட்பது நம் மரபில் இருந்த ஒன்றுதான்.

மேடையில் நிற்பவரும் மனிதர்

அபிசீனியர்கள் விளையாடிய அந்த நிகழ்ச்சியில் இன்னொரு பாடம் இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் உள்ளே வந்து, அவர்களை நோக்கி எறியச் சிறு கற்களைக் குனிந்து எடுத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விட்டுவிடுங்கள் உமரே என்றார்கள். அந்த விளையாட்டு வீரர்களை அவர்களுடைய முன்னோரின் பெயரான அர்ஃபிதாவின் மக்களே என்று அழைத்து, அச்சமின்றித் தொடருங்கள் என்று தைரியம் சொன்னார்கள்.

அவர்கள் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள், கருத்த நிறத்தவர்கள், அரபியர் பலர் தாழ்வாகப் பார்த்தவர்கள். அவர்கள் கலையைப் பார்த்ததோடு நபி (ஸல்) அவர்கள் நிற்கவில்லை. அவர்களின் கண்ணியத்துக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்றார்கள்.

நம் திடலில் பறை அடிப்பவர், கரகம் எடுப்பவர், கூத்துக் கட்டுபவர் எங்கிருந்து வருகிறார்கள்? பெரும்பாலும் கிராமங்களிலிருந்து, ஏழ்மையிலிருந்து, நூற்றாண்டுகளாகச் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட தெருக்களிலிருந்து. 2025-இல் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறை இசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சாவு வீட்டுக் கருவி என்று ஒதுக்கப்பட்டதைக் கையில் பிடித்தவருக்கு நாடு மரியாதை செய்தது. இசை பற்றிய உங்கள் மார்க்க நிலைப்பாடு எதுவாக இருந்தாலும், அந்த மனிதரைக் கேலி செய்ய மார்க்கம் அனுமதிக்காது. ஆடுபவரின் உடலைப் படம் பிடித்துச் சிரிப்பது, பொம்மை வேடம் போட்டவரைப் பிள்ளைகள் பிடித்து இழுப்பதை ரசிப்பது, பலூன் விற்கும் அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுவது எல்லாமே உங்கள் பிள்ளை பார்த்துக் கற்றுக்கொள்ளும் பாடங்கள். கண்ணைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்துவதும், பாராட்ட வேண்டிய இடத்தில் பாராட்டுவதும் நம் இபாதத்தில் சேர்ந்தவை.

கூட்டத்தில் அடுத்தவர் உரிமை

2024 அக்டோபர் 6-ஆம் தேதி மெரினாவில் விமானப் படையின் 92-ஆம் ஆண்டு விழா சாகச நிகழ்ச்சி நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பல லட்சம் பேர் குடும்பத்தோடு போனார்கள். உச்சி வெயில், நெரிசல், தண்ணீர் கிடைக்காத நிலை. பார்க்கப் போன ஐந்து பேர் உயிரோடு வீடு திரும்பவில்லை. ஏற்பாடு பற்றிய கேள்விகளுக்குப் பொறுப்பானவர்கள் பதில் சொல்லட்டும். நாம் நம் பங்கைப் பார்ப்போம்.

வயதான தாயையும் கைக்குழந்தையையும் எந்த நேரத்தில், எந்தக் கூட்டத்துக்குள் அழைத்துப் போகிறோம்? தண்ணீர் எடுத்தோமா? பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று பேசிக்கொண்டோமா? ஆம்புலன்ஸ் வரும் பாதையில் வண்டியை நிறுத்தினோமா? பாதையிலிருந்து இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நமக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கிறது. நம் ஸ்கூட்டரே அந்த இடையூறாக இருந்தால்? முன்வரிசைக்காக முண்டியடித்துப் பெற்ற சந்தோஷத்தில் பரக்கத் இருக்காது.

இந்த விடுமுறைக்குச் செய்ய வேண்டியவை

முதலாவதாக, தொழுகையை நிற்க விடாதீர்கள். பொங்கல் சமயத்தில் சென்னையில் சூரியன் மறைவது ஏறத்தாழ மாலை 6 மணிக்கு. பெரும்பாலான மேடைகளும் அந்த நேரத்தில்தான் தொடங்குகின்றன. மஃரிபின் நேரமோ குறுகியது. எலியட்ஸ் கடற்கரைக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே உளூச் செய்துகொண்டு, ஒரு விரிப்பை எடுத்துப் போங்கள். பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது. அலைச் சத்தத்துக்குப் பக்கத்தில் வாப்பாவுக்குப் பின்னால் நின்று தொழுத மஃரிபைப் பிள்ளை மறக்கவே மாட்டான். முதலில் தொழுகை, பிறகு மேடை. ஜும்ஆ வசனத்தின் வரிசையும் அதுதான்.

இரண்டாவதாக, செலவைப் பெரிதாக்காதீர்கள். கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர் காடு. மாநகரத்தின் நடுவே வெளிமானும் புள்ளிமானும் வாழும் இப்படி ஓர் இடம் நம் வாசலில் இருக்கிறது. அதையொட்டிய சிறுவர் பூங்காவும், 1972 முதல் இருக்கும் பாம்புப் பண்ணையும் உள்ளன. அல்லாஹ்வின் படைப்பைப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட என்ன வேண்டும்? புத்தகக் காட்சிக்குப் போனால் மாலையில் அறிஞர்கள் பேசுவதைக் கேட்கலாம், திரும்பும்போது பிள்ளை கையில் ஒரு புத்தகம் இருக்கும்.

மூன்றாவதாக, வீட்டுப் பெண்கள் உண்மையில் ஓய்வெடுக்கிறார்களா என்று பாருங்கள். விடியற்காலையில் எழுந்து புளிச்சோறு கட்டி, அங்கே போய் எல்லோருக்கும் பரிமாறி, பாத்திரத்தைச் சுமந்து வந்து கழுவி வைப்பவருக்கு அது உல்லாசம் அல்ல, இடம் மாறிய வேலை. குழந்தையை நீங்கள் தூக்குங்கள். பையை நீங்கள் சுமங்கள். நபி (ஸல்) அவர்கள் நின்றார்கள், அன்னை பார்த்தார்கள். இதை மாற்றி, மனைவி சுமக்க நாம் பார்க்கிறோம் என்றால் சுன்னத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம்.

நான்காவதாக, போகும்போது பக்கத்து வீட்டு எத்தீம் பிள்ளையையோ, கூட்டிப் போக ஆளில்லாத விதவைச் சகோதரியின் பிள்ளைகளையோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு சுண்டல் பொட்டலமும் கூடுதலாகச் செலவாகும். கூலி அல்லாஹ்விடம்.

ஹன்ழலா (ரலி) அவர்கள் ஒருமுறை பதறிப்போய் வந்தார்கள். நபியின் சபையில் இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்ணெதிரே தெரிகின்றன, வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடு சிரித்துப் பேசும்போது அதெல்லாம் மறந்துவிடுகிறதே, நான் முனாஃபிக் ஆகிவிட்டேனோ என்று அஞ்சினார்கள். எப்போதும் அதே நிலையில் இருந்தால் மலக்குகளே உங்களிடம் கைகுலுக்குவார்கள், ஆனால் அதற்கொரு நேரம், இதற்கொரு நேரம் என்று நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் சொன்னார்கள். வீட்டாரோடு சிரித்த நேரம் நயவஞ்சகம் அல்ல, மனிதனாக இருக்கும் நேரம் என்று நமக்கும் சேர்த்துச் சொல்லப்பட்ட ஆறுதல் அது.

அந்தச் சகோதரிக்கு என் பதில் இதுதான்: அம்மா, உங்கள் கணவருக்கு ஆகுமான காற்றும் வெளிச்சமும் உங்களுக்கும் ஆகும். அவருக்கு என் வேண்டுகோள்: தம்பி, இந்த வாரம் டீக்கடையில் உட்காரும் நேரத்தில் ஒரு மாலையை உங்கள் வீட்டாருக்குக் கொடுங்கள். மஃரிபைத் தொழுதுவிட்டு அவர்களோடு போய் நில்லுங்கள். போதும் என்று அவர்கள் சொல்லும்வரை நில்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் தொழுகையை நிற்க விட்டுவிட்டு ஓடுவோரில் எங்களைச் சேர்த்துவிடாதே. எங்கள் குடும்பத்தாரின் சந்தோஷத்துக்காக நிற்போரில் எங்களைச் சேர்ப்பாயாக. எங்கள் பிள்ளைகளுக்கு உன் மார்க்கத்தை இனிமையாகக் காட்டும் தவ்ஃபீக்கைத் தருவாயாக. எங்கள் ஊரையும், அதில் வாழும் எல்லா மக்களையும் அமைதியிலும் பாதுகாப்பிலும் வைப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.